கொலைக்கதை வாசித்தால் எப்படி நித்திரை வரும்?

உப்புவெளி வாசகி:
வணக்கம். வீட்டில் இது பெரிய வாக்குவாதமாகிவிட்டது, அதனால்தான் இங்கே கேட்கிறேன். அம்மா பத்திரிகையில் கொலைச் செய்தி வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுவார், டிவியில் இரத்தத்தைக் காட்டினால் எழும்பிப் போய்விடுவார். ஆனால் துப்பறியும் நாவல் கையில் கிடைத்தால், அட்டை கிழிந்து தாள் மஞ்சளாகிப்போன பழைய மாத நாவலாக இருந்தாலும் சரி, முடிக்காமல் விளக்கை அணைக்கமாட்டார். யுத்த காலம் முழுக்க திருகோணமலையிலேயே இருந்தவர், பார்க்கக்கூடாததையெல்லாம் பார்த்தவர். கேட்டால் "இதை வாசிச்சாத்தான் எனக்கு நித்திரை வருது" என்கிறார். மனுசருக்கு உள்ளுக்குள் இருக்கிற வன்முறை ஆசைதான் காரணம் என்று தம்பி சொல்கிறான். எனக்கு அது சரியாகப் படவில்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

கோட்டையடி:
தங்கச்சி, தம்பி சொல்வது பிழை. வன்முறைதான் வேண்டுமென்றால் அதற்கு வேறு எவ்வளவோ இருக்கிறது. நல்ல துப்பறியும் கதையில் கொலை பெரும்பாலும் நாம் உள்ளே வருவதற்கு முதலே நடந்து முடிந்திருக்கும், மிச்சம் முழுக்க விசாரணைதான். 1841 இல் எட்கர் அலன் போ எழுதியதைத்தான் முதல் துப்பறியும் கதை என்று பொதுவாகச் சொல்வார்கள், அதிலேயே துப்பறிகிறவர் கொலையைப் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொள்கிறார். எனக்குப் பிடித்தது அந்தப் புதிர்தான். 1929 இல் ரொனால்ட் நொக்ஸ் என்ற பாதிரியார் இந்தக் கதைகளுக்குப் பத்து விதிகள் எழுதினார். குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், துப்பறிகிறவர் கண்ட தடயத்தை வாசகருக்கு மறைக்கக் கூடாது, பேய் பிசாசைக் கொண்டுவந்து முடிச்சை அவிழ்க்கக் கூடாது, இப்படிப் போகும். அதாவது எழுத்தாளரும் வாசகரும் சமமாக உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம். முடிந்ததும் முன்பக்கங்களைத் திருப்பிப் பார்த்து, அந்தத் தேநீர்க் கோப்பையை அங்கேயே சொல்லியிருக்கிறாரே என்று கண்டுபிடிக்கிற சந்தோசம் வேறு எந்தக் கதையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

கிண்ணியா நானா:
புதிர் மட்டும்தான் என்றால் ஒரு தடவை வாசித்த புத்தகத்தை யாரும் திரும்ப எடுக்கமாட்டார்கள். நான் எடுக்கிறேன், கொலையாளி யாரென்று தெரிந்தே எடுக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவன் நான். சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் சபைக்கு வருகிற இடத்தைப் பாருங்கள். பொற்கொல்லன் சொன்னதை நம்பி, விசாரிக்காமல் ஒருவனைக் கொன்றாகிவிட்டது. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, கண்ணகியின் சிலம்பில் இருப்பது மாணிக்கம், அதை அவள் எல்லார் முன்னாலும் உடைத்துக் காட்டுகிறாள். தடயப் பொருள், குறுக்கு விசாரணை, தீர்ப்பு எல்லாம் அங்கேயே இருக்கிறது! முடிவு தெரிந்த பிள்ளைகள்தான் என் வகுப்பில் இருக்கிறார்கள், ஆனாலும் அந்தப் பரல் தெறிக்கிற இடத்தில் ஒரு சத்தம் இருக்காது. உண்மை எல்லார் கண் முன்னாலும் வெளியே வருவதைப் பார்ப்பதில் ஒரு ருசி இருக்கிறது, அது யாரென்று கண்டுபிடிக்கிற ருசி இல்லை.

ஓய்வு பெற்ற லிகிதர்:
நீதிமன்றத்தில் வேலை செய்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். உண்மையில் ஒரு சாவு நடந்தால் திடீர் மரண விசாரணை அதிகாரி, சட்ட வைத்திய அதிகாரி, நீதவான், சட்டமா அதிபர் திணைக்களம், மேல் நீதிமன்றம் என்று வழக்குக் கோவை போய்க்கொண்டே இருக்கும். தவணைக்கு மேல் தவணை. சாட்சி வெளிநாடு போய்விடுவார், சிலர் பயந்து வரமாட்டார்கள், சிலர் செத்தே போவார்கள். 2006 ஜனவரி 2 ஆம் திகதி நம்முடைய கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட 13 பேரும் 2019 இல் போதிய சாட்சியம் இல்லையென்று விடுவிக்கப்பட்டார்கள். செய்தது யார் என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. இந்த ஊரில் இருந்துகொண்டு, கடைசி அத்தியாயத்தில் ஒருவர் எழும்பி "இவர்தான் செய்தார், இப்படித்தான் செய்தார்" என்று சொல்கிற கதையை ஒரு தாய் விரும்பி வாசித்தால் அதில் என்ன ஆச்சரியம் பிள்ளை?

இங்கிலாந்திலும் இந்த நாவல்கள் செழித்தது 1920களிலும் 30களிலும்தான், லட்சக்கணக்கில் ஆட்கள் செத்த முதலாம் உலக யுத்தம் முடிந்த கையோடு. யுத்தத்தில் ஒரு சாவு வெறும் எண்ணிக்கை. நாவலில் ஒரேயொரு ஆள் செத்ததற்கு ஒரு புத்தகம் முழுக்கக் கேள்வி கேட்கிறார்கள், அவர் கடைசியாக என்ன சாப்பிட்டார் என்பது வரைக்கும் விசாரிக்கிறார்கள். அந்த அக்கறைக்காகத்தான் நானும் வாசிக்கிறேன்.

ஆலங்கேணிப் பொடியன்:
ஐயா சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் அதனாலேயே எனக்கு அந்தப் பழைய வகைக் கதைகள் பிடிப்பதில்லை. எல்லாம் கடைசியில் சரியாகிவிடும் என்பது பொய்தானே. சுவீடனில் இரண்டு பேர் சேர்ந்து 1965 முதல் 1975 வரை பத்துப் பொலிஸ் நாவல்கள் எழுதினார்கள், கொலையாளியைப் பிடிப்பதோடு அந்தச் சமூகத்தில் என்ன பிழை என்பதையும் சேர்த்துக் காட்டத்தான் எழுதினார்கள். அப்படியான கதைகள் நித்திரையைக் கெடுக்கும், கெடுக்கட்டும்.

உப்புவெளி வாசகி:
எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஐயா சொன்னது சரி என்றார். ஆலங்கேணித் தம்பி சொல்கிற மாதிரிப் புத்தகம் தனக்கு வேண்டாமாம், "அதுதான் வெளியில இருக்கே" என்றார். அப்புறம் எனக்கு இவ்வளவு நாளும் தெரியாத ஒன்றைச் சொன்னார்: எந்த நாவலை எடுத்தாலும் கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் வாசிப்பாராம், ஆள் பிடிபடுகிறானா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவாராம். கோட்டையடி அண்ணை, புதிர்தான் எல்லாம் என்றீர்களே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?