குளிரில் நொதி அழிந்துவிடுமா?

தேவிகுளம் மாணவி:
அனைவருக்கும் வணக்கம். நான் தேவிகுளம் வட்டத்தில் பிளஸ் ஒன் படிக்கிறேன். சென்ற வாரம் ஆய்வகத்தில், உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் நொதி மாவுப்பொருளைச் சிதைப்பதைச் சோதித்தோம். ஜனவரிக் குளிரில், பனிக்கட்டி நீரில் நிறுத்திய சோதனைக் குழாயில் பத்து நிமிடங்கள் கழித்து அயோடின் விட்டபோதும், மாவுப்பொருள் சிதையாமல் இருப்பதைக் காட்டும் கருநீல நிறமே வந்தது. கொதிக்கவைத்த உமிழ்நீரைச் சேர்த்த குழாயிலும் அதே நிறம்தான். ஆகவே இரண்டிலும் நொதி இறந்துவிட்டது என்று பதிவேட்டில் எழுதினேன். ஆனால் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் அப்பா, குளிர்காலத்தில் கொழுந்து நிறம் மாறத் தாமதமாகுமே தவிர மாறாமல் போவதில்லை என்கிறார். எது சரி?

மூணாறு தொழிற்சாலைப் பணியாளர்:
தங்கச்சி, உங்கள் அப்பா சொன்னது சரி. கொழுந்தை வாடவிட்டு, சி.டி.சி. (நசுக்கி, கிழித்து, சுருட்டும்) உருளைகளுக்கு இடையே நசுக்கும்வரை அது பச்சையாகவே இருக்கும். நசுங்கி வெளியே வந்த பிறகுதான் செம்பு நிறம் ஏறத் தொடங்கும். அதை நாங்கள் பெர்மெண்டேஷன் என்கிறோம். அறை 25 டிகிரி செல்சியஸை ஒட்டி, ஈரக்காற்றோடு இருந்தால் நிறமும் மணமும் ஒன்றாகச் சேர்ந்து வரும். குளிர் கூடினால் கூடுதல் நேரம் காத்திருப்போம். பதம் வந்ததும் நூறு டிகிரிக்கு மேல் சூடேற்றிய காற்றுள்ள டிரையருக்கு அனுப்பிவிடுவோம். அதோடு அந்த மாற்றம் நின்றுவிடும். பச்சைத் தேயிலை வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே கொழுந்தை ஆவியில் காட்டிவிடுவார்கள்.

கொழிஞ்சாம்பாறை ஓய்வுபெற்ற ஆசிரியர்:
மேலே எழுதிய நண்பரின் விவரிப்பிலேயே விடை இருக்கிறது. முதலில் 'இறந்துவிட்டது' என்ற சொல்லை விட்டுவிடுங்கள், அம்மா. நொதி உயிரினம் அன்று. உயிருள்ள ஈஸ்ட் செல்கள் இல்லாமலே, அவற்றைப் பிழிந்தெடுத்த சாறு சர்க்கரையை நொதிக்கச் செய்யும் என்பதை எடுவார்டு புக்னர் 1897இல் காட்டினார்; அதற்காக 1907இல் நோபல் பரிசு பெற்றார். 1926இல் ஜேம்ஸ் சம்னர் அவரையினச் செடி ஒன்றின் விதையிலிருந்து யூரியேஸ் நொதியைப் படிகமாகப் பிரித்து, அது புரதமே என்று நிறுவினார்.

புரதம் என்பது அமினோ அமிலச் சங்கிலி. அந்தச் சங்கிலி குறிப்பிட்ட விதமாக மடிந்திருப்பதால்தான் நொதியின் மேல் ஒரு பள்ளம் உருவாகிறது. அதைக் கிளர்வு மையம் என்கிறோம். மாவுப்பொருள் மூலக்கூறு அங்கே பொருந்தி அமரும்போது, அது சிதையத் தொடங்குவதற்குத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், அதாவது கிளர்வுறு ஆற்றல், குறைந்துவிடுகிறது. வேலை முடிந்ததும் நொதி மாறாமல் விடுபட்டு அடுத்த மூலக்கூறை ஏற்றுக்கொள்கிறது. குளிரில் மூலக்கூறுகளின் அசைவு குறைவதால் அவை நொதியைச் சந்திப்பதும் குறைகிறது, சந்தித்தாலும் போதிய ஆற்றல் இருப்பதில்லை. பள்ளத்தின் வடிவம் கெடுவதில்லை. கொதிநீரிலோ, மடிப்பைத் தாங்கிநிற்கும் வலுக்குறைந்த பிணைப்புகள் அறுந்து சங்கிலி குலைந்துவிடுகிறது. வெந்த முட்டையின் வெள்ளைக்கரு ஆறினாலும் பழையபடி நீர்த்துவிடாதது போலத்தான் இதுவும்.

உங்கள் இரு குழாய்களிலும் நிறம் ஒன்றாக இருந்தாலும் காரணம் வேறு. அயோடின் சேர்க்காத இரண்டு புதிய குழாய்களை அதே முறையில் எடுத்து, 37 டிகிரி வெந்நீரில் சிறிது நேரம் நிறுத்தி, பிறகு சோதித்துப் பாருங்கள்.

இன்னொன்று. தேயிலையில் நடப்பதைப் பெர்மெண்டேஷன் என்று தொழிற்சாலைகளில் வழங்கினாலும், அங்கே நுண்ணுயிரிகளுக்குப் பெரிய வேலை இல்லை. இலையின் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு, இலையிலுள்ள கேட்டகின்கள் என்ற பாலிபீனால் பொருள்களை மாற்றித் தியாபிளேவின் முதலிய நிறப்பொருள்கள் உருவாக வழிசெய்கிறது. இந்த நொதி வேலை செய்யச் செம்பு அயனியும் தேவை.

சித்தூர் (பாலக்காடு) வாசகி:
ஆசிரியர் ஐயா சொன்ன நொதிக் குடும்பத்தை நாம் அடுக்களையிலும் நாள்தோறும் பார்க்கிறோம். நறுக்கிய வாழைப்பூ கறுக்காமலிருக்க மோரில் போடுகிறோம் அல்லவா? மோரின் அமிலத்தில் நொதியின் மின்னூட்டங்கள் மாறுவதால் அதன் வேகம் குறைகிறது. நீருக்குள் மூழ்கியிருப்பதால் காற்றும் குறைவாகவே படுகிறது. ஆனால் அமிலம் எல்லா நொதிகளுக்கும் பகையன்று. இரைப்பையின் பெப்சின், பி.எச். 2ஐ ஒட்டிய கடும் அமிலத்தில்தான் நன்றாக வேலை செய்யும். உமிழ்நீர் அமைலேஸ் அதே இடத்தில் செயலிழந்துவிடும்.

தேவிகுளம் மாணவி:
மிக்க நன்றி ஐயா, அண்ணா, அக்கா. இன்று செய்து பார்த்தேன். குளிரில் இருந்த குழாயில் இம்முறை கருநீலம் வரவில்லை, அயோடினின் மஞ்சள்பழுப்பு மட்டுமே தெரிந்தது. கொதிக்கவைத்ததில் கருநீலம் அப்படியே இருந்தது. பதிவேட்டைத் திருத்திவிட்டேன். ஆனால் உறைபனி விழுந்த மறுநாள் எங்கள் பக்கத்துத் தேயிலைச் செடிகள் பழுப்பாகக் கருகிவிடுகின்றனவே. குளிர் நொதியின் வேகத்தைக் குறைக்குமென்றால், பழுப்பு எப்படி வருகிறது?

கொழிஞ்சாம்பாறை ஓய்வுபெற்ற ஆசிரியர்:
நல்ல கேள்வி, அம்மா. பச்சை இலையில் பாலிபீனால் ஆக்சிடேஸ் நொதி பசுங்கணிகம் என்ற பச்சை நுண்ணுறுப்பிலும், கேட்டகின்கள் நுண்குமிழ் என்ற செல்லின் சாறு நிறைந்த பையிலும் தனித்தனியே இருக்கின்றன. உறைபனியில் உருவாகும் பனிக்கட்டி, செல்லின் சவ்வுகளைக் கிழித்துவிடுகிறது. வெயில் ஏறிப் பனி உருகும்போது, பிரிந்திருந்த இரண்டும் காற்றோடு கலந்துவிடுகின்றன. நண்பரின் தொழிற்சாலையில் உருளைகள் செய்வதை, தோட்டத்தில் பனிக்கட்டி செய்துவிடுகிறது.