நிச்சயம் முடிஞ்சாச்சு, கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் என்னென்ன பேசிக்கணும்?

ஈரோட்டுப் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஆவணியில நிச்சயம் ஆச்சு, தை மாசம் கல்யாணம். தினமும் நைட் ஒரு மணி நேரம் போன்ல பேசறோம், சாப்டாச்சா, எந்தக் கலர் பட்டு, போட்டோஷூட் எங்க, இப்படியேதான் போகுது. போன வாரம் பேச்சுவாக்குல அவருக்கு ஒரு பெர்சனல் லோன் இருக்குன்னு சொன்னார், தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்குனதாம். எவ்வளவுன்னு கேக்க எனக்கு வாய் வரலைங்க, காசுலயே கண்ணா இருக்கான்னு நெனச்சுக்குவாரோன்னு பயம். அம்மாகிட்ட சொன்னா அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ங்கறாங்க. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க, வேற என்னெல்லாம் இப்பவே பேசிக்கணும்?

மதுரைக்காரி:
கேட்டுரும்மா தங்கச்சி. நான் கேக்கல. கல்யாணமாகி மூணாவது மாசம் என் வளையலை அடகு வைக்கணும்னு வந்து நின்னப்பதான் அவருக்கு வட்டிக்கடன் இருக்கறதே எனக்குத் தெரியும். கடன் இருக்கட்டும், அது யாருக்கு இல்ல, மறைச்சுட்டாரேன்னுதான் மனசு விட்டுப்போச்சு, அது ஆற ரெண்டு வருஷம் ஆச்சு. முதல்ல உன் கணக்கைச் சொல்லு, சம்பளம், நகைக்கடன், சீட்டு, அம்மா அப்பாவுக்கு மாசாமாசம் குடுக்கறது எல்லாம். கல்யாணத்துக்கு அப்புறமும் குடுப்பேன்னா அதை இப்பவே சொல்லிரு, பின்னாடி பெரிய சண்டை அதுலதான் வரும். அப்புறம் கல்யாணத்தை 90 நாளுக்குள்ள ரிஜிஸ்டர் பண்ணிருங்க, மறந்துராதீங்க.

சேலம் லேப் டெக்னீஷியன்:
சிஸ்டர், ஜாதகம் பாத்த மாதிரி ரத்தமும் பாத்துருங்க. தலசீமியாங்கறது பரம்பரையா வர்ற ரத்த நோய், அதோட கேரியரா, அதாவது நோய் இல்லாம அந்த மரபணுவை மட்டும் சுமக்கறவங்க, பாக்க நல்லாத்தான் இருப்பாங்க, ஆனா ரெண்டு பேருமே கேரியர்னா ஒவ்வொரு கர்ப்பத்துலயும் குழந்தைக்கு அந்த நோய் வர 4ல 1 வாய்ப்பு, கடுமையா வந்துட்டா அந்தக் குழந்தைக்கு சில வாரத்துக்கு ஒருக்கா ரத்தம் ஏத்திக்கிட்டே இருக்கணும். அந்தப் பிள்ளைங்க கையில ஊசி குத்த நரம்பு தேடித்தேடி நானே அழுதிருக்கேன். ரத்த அணுக்களை எண்ணுற சிபிசியோட, கேரியரான்னு காட்டுற ஹெச்பிஎல்சி டெஸ்ட்டும் எடுங்க, அத்தை பையன் மாமா பையன்னு சொந்தத்துல கட்டறவங்க கண்டிப்பா எடுங்க. பொண்ணோட ரத்த வகை ஆர்ஹெச் நெகட்டிவ்னு (ஓ நெகட்டிவ், ஏ நெகட்டிவ் மாதிரி) வந்தா பயந்து கல்யாணத்தை நிறுத்தாதீங்க, கர்ப்பமானா குழந்தைக்குப் பாதிப்பு வராம தடுக்க ஆன்டி-டி ஊசி இருக்கு.

தூத்துக்குடி மருமக:
எங்க ஆர்சி கோயில்ல கல்யாணத்துக்கு முன்னாடி தயாரிப்பு வகுப்புக்குப் போயே ஆகணும். அங்க எங்க ரெண்டு பேரையும் தனித்தனியா உக்கார வச்சு, கோபம் வந்தா என்ன செய்வீங்கன்னு எழுதச் சொன்னாங்க. நான் பேசாம இருந்துருவேன்னு எழுதினேன், எங்க வீட்டுக்காரங்க உடனே பேசி முடிக்கணும்னு எழுதியிருந்தாங்க. பேப்பரை மாத்திப் படிச்சப்ப ரெண்டு பேருக்கும் திக்குன்னு ஆயிட்டு. ராத்திரி சாப்பாடு வரைக்கும் என்னை விட்டுரணும், அதுக்கப்புறம் நானா வந்து பேசிரணும்னு அன்னைக்கே முடிவு பண்ணினோம், ஆறு வருஷமா அப்படித்தான் ஓடுது. வகுப்பு இல்லாட்டி என்ன, வீட்டுலயே எழுதிப் பாருங்க.

ஈரோட்டுப் பொண்ணு:
நேத்து கேட்டுட்டேன்ங்க. மதுரை அக்கா சொன்னமாதிரி என் நகைக்கடனை முதல்ல சொன்னேன், கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்ல, எனக்கு கை நடுங்கிருச்சு. அப்புறம் லோன் ஸ்டேட்மென்ட்டையே வாட்ஸ்அப்ல அனுப்பி, இதை எப்படிச் சொல்றதுன்னு நானும் ஒரு மாசமா தவிச்சுட்டு இருந்தேன்னார். இன்னும் 22 தவணை இருக்குதுங்க. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ரத்தம் குடுக்கப் போறோம்.