மறு: ‘பயோமெட்ரிக்’ தரவுக்கு ‘உடலடையாளம்’ என்று வைப்போமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் குடியிருப்பு மூத்தவர்களுக்காக அச்சடிக்கப் போகும் துண்டறிக்கைக்கு ஒரே ஒரு சொல் கேட்டு எழுதியிருந்தேன். ஆளை அடையாளம் காண விரல் ரேகை, முகம் போன்றவற்றைக் கருவியால் எடுக்கிறார்களே, அந்த ‘பயோமெட்ரிக்’குக்குத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் கேள்வி. நான்கே நாளில் பதினேழு மடல்கள். நேற்று இரவு எல்லாவற்றையும் மறுபடி உட்கார்ந்து படித்தேன். முதல் மடலில் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். மலேசிய அடையாள அட்டையான மைகார்டிலும் வாகன லைசன்ஸிலும் நம்மைப் பற்றி என்னென்ன இருக்கின்றன, யாரிடம் காட்டலாம், யாரிடம் விட்டுவிட்டு வரக் கூடாது என்பதுதான் துண்டறிக்கை. இரண்டே பக்கம். அதில் ‘பயோமெட்ரிக்’ ஒன்பது இடத்தில் வருகிறது.

> மலாயில் பயோமெட்ரிக் என்றே வைத்துக்கொண்டார்கள். நாமும் அப்படியே எழுதிவிட்டுப் போகலாமே?

போகலாம் தம்பி, பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் பிடித்து ஏற ஒரு கொப்புகூட அந்தச் சொல்லில் நம் ஆட்களுக்கு இல்லை. இமிகிரேஷனைக் ‘குடிநுழைவு’ என்று இந்த நாட்டில் நாம் தினமும் சொல்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட அதற்கு அர்த்தம் கேட்டதில்லை. குடியும் தெரிந்த சொல், நுழைவும் தெரிந்த சொல். எனக்கு வேண்டியது அந்த மாதிரி ஒன்று.

> உயிரியளவியல் என்பது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புதிதாக எதற்கு?

ஐயா, துறையின் பெயராக அது இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் கவுன்டரில் ஒருவரிடமிருந்து எடுப்பது ஓர் ‘இயல்’ அல்ல. ரேகையை எடுக்கிறார்கள், முகத்தை எடுக்கிறார்கள். ‘உயிரியளவியல் தரவு’ என்ற வரியைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் படித்துக் காட்டினேன். “கிளினிக்ல கையில பட்டி கட்டி எடுப்பாங்களே, அதுவாய்யா?” என்றார். ரத்த அழுத்தத்தைச் சொல்கிறார். அவர் பிழையாகக் கேட்கவில்லை. உயிர் என்றும் அளவு என்றும் கேட்டால் எவருக்கும் அதுதான் தோன்றும்.

அடுத்து ‘மெய்’. இதில்தான் நான் இரண்டு நாள் மயங்கிக் கிடந்தேன். உடலும் மெய், உண்மையும் மெய். தொல்காப்பியர் க், ச், ட், த் எல்லாவற்றையும் மெய் என்கிறார். இப்படி ஒரு சொல் கையில் இருக்கும்போது வேறு எதைத் தேடுவது என்றுதான் நானும் நினைத்தேன். ‘மெய்க்குறி’ என்று முதலில் வந்தபோது செந்தூல் தங்கை உடனே தடுத்தார். பேச்சில் ‘குறி’க்கு வேறு பொருள் இருப்பதால் பெரியவர்கள் முன் வாய்விட்டுப் படிக்கக் கூசும் என்றார். சரியான பேச்சு. அப்புறம் ‘மெய்யடையாளம்’ வந்தது. அதையும் நான் வேண்டாம் என்கிறேன். காரணம் என் அம்மாவின் கட்டைவிரல்.

அம்மா கெடாவில் ஒரு தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். போன வருடம் ஒரு கவுன்டரில் வலது கட்டைவிரலைக் கருவியில் வைக்கச் சொன்னார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தார். மறுபடியும் சிவப்பு. நெற்றியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி வையுங்கள் என்றார் பின்னால் நின்றவர். அதுவும் சிவப்பு. இடது விரலை மாற்றி வைத்தார். “தா போலே பாச்சா, மாச்சிக்” என்றார் கவுன்டர் பெண் மலாயில், படிக்க முடியவில்லை என்று. கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் வரிசை முழுக்க அம்மாவையே பார்த்தது. அம்மா விரலை முகத்துக்கு நேரே கொண்டுவந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரேகை இருக்க வேண்டிய இடம் தேய்ந்த நாணயம் மாதிரி வழவழவென்று இருந்தது. குறுக்கே ஒரு வெள்ளைத் தழும்பு, எப்போதோ சீவுகத்தி பட்டது.

அந்த இடத்தில் மெய்யாக நின்றவர் அம்மா. பொய்த்தது கருவி. கருவி கேட்கும் பொருளுக்கு நாமே ‘மெய்’ என்று பெயர் வைத்துவிட்டால், சிவப்பு விளக்கு எரியும்போது பொய்யாகிப் போவது யார்? பால்மரத்திலும் சிமெண்டிலும் சலவைத் தொட்டியிலும் விரல் தேய்ந்தவர்கள் நம்மவர்களில் எத்தனை பேர்! அவர்களுக்குப் போகும் தாளில் இந்தச் சொல்லை அச்சடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஐயாக்கள் மன்னிக்க வேண்டும்.

இனி யாரும் எழுதாத ஒரு சொல், ‘கைநாட்டு’. வீட்டில் அம்மாவும் அவர் வயதுக்காரர்களும் இந்த ரேகைக் கருவியைச் சொல்வது அப்படித்தான். தொலைபேசிக் கடை ஒன்றில் சிம் கார்டு மாற்றப் போனோம். அங்கே இரண்டு முறை விரல் வைக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் “எதுக்குடா ரெண்டு தடவ கைநாட்டு வச்சேன், எதுல கையெழுத்துப் போட்டேன்?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. அவரைப் பொறுத்தவரை கட்டைவிரல் வைப்பது சம்மதம். தோட்டத்தில் சம்பளப் புத்தகத்திலும் கடன் சீட்டிலும் அப்படித்தான் வைத்தார். கருவியில் விரல் வைப்பதோ சம்மதம் அல்ல. வந்திருப்பவர் இந்தக் கார்டுக்கு உரியவர்தானா என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான். ரேகையைப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்களா, எடுத்து வைத்துக்கொள்கிறார்களா என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. ‘கையெழுத்துப் போட்டாச்சு’ என்று நினைப்பவர் அதைக் கேட்க மாட்டார். ஆகவே நம் சொல் கைநாட்டிலிருந்து தெளிவாக விலகி நிற்க வேண்டும். எனக்கு இதுதான் முதல் நிபந்தனை.

சரி, என் பரிந்துரை: உடலடையாளம். தரவு என்று சேர்க்க வேண்டிய இடத்தில் உடலடையாளத் தரவு.

‘அங்க அடையாளம்’ என்று பழைய சான்றிதழ்களில் மச்சத்தையும் தழும்பையும் எழுதுவார்களே, அதற்கு அடுத்த வீட்டுச் சொல் இது. ஆனால் அதுவே அல்ல. மச்சத்தைக் கண்ணால் பார்த்து எழுதினார்கள், இதைக் கருவி எடுக்கிறது. சொல் வாக்கியத்தில் ஓடுகிறதா என்று பார்த்தேன். “உங்கள் உடலடையாளத்தை எடுக்கிறார்கள்.” “உடலடையாளத்தை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்?” “என் உடலடையாளத்தை அழித்துவிடுங்கள்.” மூன்றையும் பாட்டியிடம் சொன்னேன். மூன்றாவதைக் கேட்டதும், “ரேகைய எப்படிய்யா அழிப்பாங்க, கையிலல்ல இருக்கு?” என்றார். சொல் வேலை செய்கிறது என்று அப்போதுதான் நம்பினேன். கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

கடவுச்சொல் போனால் மாற்றலாம். கார்டு தொலைந்தால் புதுசு எடுக்கலாம். விரலை மாற்ற முடியாது. 2005இல் கோலாலம்பூர்ப் புறநகர் ஒன்றில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். விரல் ரேகையால் இயங்கும் விலையுயர்ந்த காரைத் திருட வந்த கும்பல், அதன் உரிமையாளருடைய விரல் நுனியை வெட்டிக்கொண்டு போனது. அடையாளம் உடலிலேயே இருக்கிறது என்பதன் பொருள் அன்று இந்த நாட்டுக்குத் தெரிந்தது. ‘உயிரியளவியல்’ என்ற சொல்லில் அந்த விரல் இல்லை, ‘உடலடையாளம்’ என்றால் இருக்கிறது.

> குரல், நடை, எழுதும் விதம் எல்லாம் உடலா? சட்டத்தில் நடத்தை சார்ந்த இயல்புகளும் வருகின்றனவே.

நல்ல கேள்வி அக்கா. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் வந்தது, 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அப்போது அதில் பயோமெட்ரிக் என்ற பேச்சே இல்லை. 2024இல் திருத்தி, அதற்கு விளக்கம் தந்து, நோய் விவரம், சமய நம்பிக்கை போன்றவற்றோடு கூடுதல் பாதுகாப்பு வேண்டிய ‘சென்சிட்டிவ்’ தரவு வரிசையில் சேர்த்தார்கள். 2025 ஏப்ரலிலிருந்து அது சட்டம். உடல் இயல்பு, உடலியக்க இயல்பு, நடத்தை இயல்பு மூன்றும் அந்த விளக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் குரல் தொண்டையிலிருந்து வருகிறது, நடை காலிலிருந்து வருகிறது. உடல் செய்வதும் உடலின் அடையாளமே என்று எடுத்துக்கொள்வதில் எனக்குச் சிக்கல் தெரியவில்லை. நடை என்ன உடலை விட்டுத் தனியாகவா நடக்கிறது?

இதே சட்டத்தின் 3ஆம் பிரிவையும் துண்டறிக்கையில் பெரிய எழுத்தில் போடுகிறேன். மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. வங்கியையும் கடையையும் அது கட்டுப்படுத்தும். ஆனால் 2001இலிருந்து மைகார்டுச் சில்லில் நம் இரண்டு கட்டைவிரல் ரேகையையும் ஏற்றி வைத்திருப்பது அரசு. லைசன்ஸுக்கு முகத்தைப் படமெடுத்து வைத்திருப்பதும் அரசு. இதைப் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம்.

லைசன்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அடுக்குமாடி வாசலில் காவலாளி மைகார்டை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பலருக்கும் தெரிந்துவிட்டது. அதனால் இப்போது லைசன்ஸை நீட்டுகிறோம். அதிலும் பெயர், முகவரி, படம், அடையாள எண் எல்லாம் இருக்கின்றன. அந்தப் பன்னிரண்டு இலக்கமே ஒரு சின்ன வாழ்க்கை வரலாறு. முதல் ஆறும் பிறந்த நாள். அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம், 07 என்றால் பினாங்கு. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். காவலாளி மேசையில் ரப்பர் வளையம் போட்டு அடுக்கி வைத்த லைசன்ஸ்களை நானே பார்த்திருக்கிறேன். மேலே இருந்தது ஓர் இளம்பெண்ணுடையது, முகவரி எனக்கே தெளிவாகத் தெரிந்தது.

முகவரி தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். 1989இல் லாஸ் ஏஞ்சலிஸில் ரெபெக்கா ஷேஃபர் என்ற நடிகையை அவர் வீட்டு வாசலிலேயே ஒருவன் சுட்டுக் கொன்றான். முகவரியைத் துப்பறிவாளர் ஒருவர் மூலம் கலிபோர்னிய வாகனத் துறையின் பதிவிலிருந்து வாங்கியிருந்தான். ஓட்டுநர் பதிவுகளைக் காக்க அமெரிக்கா 1994இல் தனிச் சட்டம் போட்டதற்கு அந்தச் சாவு ஒரு முக்கியக் காரணம். அங்கே இன்னொன்றும் நடந்தது. லைசன்ஸுக்காக எடுத்த படங்களில் காவல், குடிநுழைவு அமைப்புகள் முகம் தேடிப் பார்த்தது 2019இல் வெளியே வந்தது. ஆகவே இரண்டு சொற்களைப் பிரித்து வைக்கக் கேட்கிறேன். நீங்கள் நீங்கள்தானா என்று பார்ப்பது ‘ஆளொப்பு’. கூட்டத்தில் நீங்கள் யார் என்று துழாவுவது ‘ஆள்தேடல்’. ஒன்றுக்குக் கொடுத்த முகத்தை மற்றதற்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

‘பிரைவசி’க்குத் தனியுரிமையா, அந்தரங்கமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. தனியுரிமை வேர் பிடித்துவிட்டது. பிடுங்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று பாக்கி. கருவி பெரும்பாலும் ரேகைப் படத்தை அப்படியே வைத்து ஒப்பிடுவதில்லை. கோடு எங்கே முடிகிறது, எங்கே கிளை பிரிகிறது என்று பார்த்து, அந்த இடங்களையும் கோணங்களையும் எண்களாக்கி வைக்கிறது. ஆங்கிலத்தில் ‘டெம்ப்ளேட்’ எனப்படும் இதற்கு ‘வார்ப்புரு’ என்ற சொல் வேண்டும் என்கிறார் பிரிக்பீல்ட்ஸ் ஐயா. வார்ப்புரு என்றால் அதில் ஊற்றிப் பொருள் வார்க்கலாம். இங்கே நடப்பது நேர்மாறு, உடலிலிருந்து பிழிந்து எடுக்கிறார்கள். ‘பிழிவு’ என்பேன். ரேகைப் பிழிவு, முகப் பிழிவு. வெறும் எண்தானே, ஆபத்தில்லை என்று விற்பவர்கள் சொல்வார்கள். அந்த எண்களிலிருந்து ரேகைப் படத்தை ஏறக்குறையத் திரும்ப வரைய முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். ஆகவே பிழிவும் உடலடையாளம்தான். துண்டறிக்கையில் அப்படியே எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். முதல் பக்கத்தில் வரப்போவது இது:

“விரல் ரேகை, முகம், கண், குரல் ஆகியவை உங்கள் உடலடையாளம். கருவியில் விரல் வைப்பது கைநாட்டு அல்ல. எதற்கு எடுக்கிறீர்கள், எங்கே வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்று கேளுங்கள். ரேகை விழவில்லை என்றால் அது உங்கள் குற்றம் அல்ல. வேறு வழியில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.”

‘பிழிவு’ பற்றி ஐயா வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வரி எழுதினால் உதவியாக இருக்கும். உடலடையாளத்துக்கு மறுப்பு உள்ளவர்களும் அதற்குள் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஜெலுத்தோங், பினாங்கிலிருந்து