மாடிப்படிக்குக் கீழே மூன்று சாக்கு பிளாஸ்டிக், எப்படிப் பிரிப்பது?

மொட்டைமாடி:
எங்கள் அம்மா ஒரு டப்பாவைக்கூடத் தூக்கிப்போட மாட்டார். ஐஸ்கிரீம் டப்பா, ஷாம்பு பாட்டில், தண்ணீர் பாட்டில், பால் கவர், உடைந்த பைப் துண்டு என்று மூன்று சாக்கு நிறைந்துவிட்டது. எடைக்குப் போடலாம் என்று கொண்டுபோனால், கடைக்காரர் ஒரு சாக்கைக் கொட்டிப் பார்த்துவிட்டு "எல்லாம் கலந்து கிடக்கு, பிரிச்சுக் கொண்டா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரரோ பேசாமல் கொளுத்திவிடச் சொல்கிறார். போதாக்குறைக்குப் பூச்சிமருந்து கேன் ஒன்றும் இருக்கிறது, அதைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைக்கலாமே என்கிறார் அம்மா.

எடைத்தராசு:
எங்கள் வீட்டுத் தொழிலே பழைய பேப்பர் கடைதான், அவர் திருப்பி அனுப்பியது சரிதான் தம்பி. அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். தண்ணீர் பாட்டில் 1, ஷாம்பு பாட்டில் பெரும்பாலும் 2, ஐஸ்கிரீம் டப்பா அநேகமாக 5. எண் அழிந்துபோயிருந்தால் சின்னத் துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போட்டு விரலால் ஒருமுறை அமுக்கிவிடுங்கள், காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் ஏமாற்றிவிடும். 2, 4, 5 மிதக்கும், 1-ம் 3-ம் மூழ்கும். இந்த 3 இருக்கிறதே, பிவிசி, அதுதான் வில்லன். பாட்டிலை உருக்க 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அந்தச் சூட்டில் பிவிசி கருகி அமிலப்புகை விட்டு மொத்தச் சரக்கையும் கெடுத்துவிடும். உங்கள் பைப் துண்டைப் பார்த்ததுமே அவர் முகம் மாறியிருக்கும்!

பால் கவரைக் கழுவிக் காயவைத்தால் தனியாக வாங்கிக்கொள்வோம். வெட்டும்போது மூலை தனியாக வந்துவிடாமல் கவரோடு தொங்கட்டும், அந்தத் துணுக்குகள்தான் சாக்கடைக்குப் போகின்றன. சிப்ஸ் கவர் மட்டும் வேண்டாம், உள்ளே அலுமினியப் பூச்சு, யாரும் உருக்க மாட்டார்கள்.

வயக்காடு:
பூச்சிமருந்து கேன் விஷயத்தில் அம்மா பேச்சைக் கேட்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அதில் மருந்து ஊறித்தான் இருக்கும். நாங்கள் காலியானதும் மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரையும் ஸ்பிரேயர் டேங்கிலேயே ஊற்றிவிட்டு, வேறு யாரும் எடுத்துப் புழங்காதபடி கேனில் ஆணியால் ஓட்டை போட்டுவிடுவோம். எடைக்கும் போடாதீர்கள். 2016 திடக்கழிவு விதிகளிலேயே அதை வீட்டு அபாயக் கழிவு என்று சேர்த்திருந்தார்கள், குப்பை வண்டியில் தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.

கொளுத்துவதா? பிவிசி எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும், பக்கத்து வீட்டுக்காரர் மூக்குக்கும்தான் போகும். மீதிச் சாக்கு அடுப்புப் பக்கம் வேண்டாம், மழை படும் இடத்திலும் வேண்டாம், டப்பாவில் ஒரு கை தண்ணீர் நின்றால் டெங்கு கொசுவுக்குப் போதும்.

மொட்டைமாடி:
நன்றி அண்ணே. நேற்று வாளி வைத்துப் பிரித்தோம், அம்மாவுக்கு ஒரே வேடிக்கை. பாட்டில், பால் கவர் எல்லாம் போய்விட்டன. கேனில் ஓட்டையும் போட்டாகிவிட்டது. ஐஸ்கிரீம் டப்பாக்களை மட்டும் "இது 5தானே, நல்லதுதானே" என்று திரும்ப எடுத்துக் கறிவேப்பிலை போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டார்.