தலைப்பிரசவம், பெரியாஸ்பத்திரிக்கு என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

வைகைக்கரை:
ஒன்பதாம் மாசம் நடக்குது. செக்கப் எல்லாம் சென்னையில் பார்த்தேன். வளைகாப்பு முடிஞ்சு இப்போ உசிலம்பட்டி பக்கம் அம்மா வீட்டுல இருக்கேன். பிரசவம் மதுரை பெரியாஸ்பத்திரியில். அம்மாவுக்கு மூட்டுவலி, ராத்திரி கண் முழிக்க முடியாது. அதனால சித்திதான் கூட இருப்பாங்க. யூடியூப்ல காட்டுற மாதிரி பெரிய சூட்கேஸ் எடுத்துட்டுப் போனா வார்டுல வைக்க இடம் இருக்குமா? உண்மையிலேயே எதெல்லாம் தேவைப்படும்? எனக்கு ஓ நெகட்டிவ்.

தேனி மருமகள்:
சூட்கேஸ் வேண்டாம்மா. கட்டிலுக்கு அடியில் தள்ளுற மாதிரி ரெண்டு துணிப்பை போதும். என் தங்கச்சி பிரசவத்துக்கு நான்தான் கூட இருந்தேன், அதை வச்சுச் சொல்றேன்.

முதல்ல காகிதம். தாய் சேய் நல அட்டை, ஸ்கேன், ரத்த ரிப்போர்ட் எல்லாம், ஆதார், உன் பேர்ல இருக்கிற பேங்க் பாஸ்புக், எல்லாத்துக்கும் ரெண்டு ஜெராக்ஸ். பிக்மி நம்பரை, அதாவது கர்ப்பத்தைப் பதிவு பண்ணும்போது கொடுத்த நம்பரை, அட்டையின் மேலேயே பெருசா எழுதி வை; பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் அதைத்தான் கேட்பாங்க. கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் கொடுக்குற முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணம் வர்றதுக்கும் அது வேணும். ஊர் மாறி வந்திருக்கே, அதனால அம்மா ஊர் நர்ஸம்மாவைப் போய்ப் பார்த்து இன்னிக்கே விவரம் சொல்லிடு.

துணிக்குப் புதுசா எதுவும் வாங்காதே. முன்னாடி பட்டன் வச்ச தொளதொள நைட்டி எடுத்துக்கோ, டிரிப்ஸ் ஏத்தும்போதும் பால் கொடுக்கும்போதும் அதுதான் வசதி. உள்பாவாடை கொஞ்சம் கூடவே வை. பெரிய சைஸ் நாப்கின் கட்டாயம். குழந்தைக்கு அப்பாவோட பழைய வேட்டியைத் துவைச்சு, நல்ல வெயில்ல காயவச்சு, சதுரமா கிழிச்சு வை. எவ்வளவு இருந்தாலும் பத்தாது, அவ்வளவு ஈரம் பண்ணும்! பக்கெட், மக், பிளாஸ்க், தட்டு, டம்ளர், செருப்பு, சார்ஜர். நகையெல்லாம் வீட்டிலேயே கழட்டி வச்சிடு, நெயில் பாலிஷும் வேண்டாம்.

உனக்குச் சாப்பாடு அங்கேயே கொடுப்பாங்க, சித்திக்கு நீங்கதான் ஏற்பாடு பண்ணணும். அவங்களுக்கும் ஒரு பாய், போர்வை, மாத்திரை, கொஞ்சம் சில்லறை. சித்தியோட பை உன் பை அளவுக்கே முக்கியம். நீ படுத்திருக்கும்போது ஓடியாடி எல்லாம் பார்க்கப்போறது அவங்கதான். சிசேரியன்னா ஒரு வாரம்கூட ஆகலாம், மாத்திக்க இன்னொரு பொம்பளை ஆளையும் இப்பவே பேசி வை.

வார்டு செவிலி:
நெகட்டிவ் குரூப்னு அட்மிஷன் போடுறப்பவே நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்க. ஐசிடி ரிப்போர்ட் (நெகட்டிவ் குரூப் அம்மாக்களுக்கு எதிர்ப்பொருள் உருவாகியிருக்கான்னு பார்க்குற ரத்தப் பரிசோதனை), 28ஆம் வாரம் ஆன்டி-டி ஊசி போட்டிருந்தா அந்தச் சீட்டு ரெண்டும் பையில மேலாக இருக்கணும். குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் குரூப் பார்ப்பாங்க. பாசிட்டிவ்னா 72 மணி நேரத்துக்குள்ள உங்களுக்கு ஆன்டி-டி ஊசி போடணும். அடுத்த குழந்தைக்கு அதுதான் காவல். சித்திக்கும் இதைச் சொல்லி வையுங்க, அவங்க ஞாபகப்படுத்திக் கேட்கட்டும்.

உங்க ஊர்ல இருந்து மதுரை சுமார் 40 கி.மீ. பனிக்குடம் உடைஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைஞ்சாலோ, தலைவலியோட கண் மங்கினாலோ வலி வரட்டும்னு காத்திருக்காம 108 கூப்பிடுங்க. தண்ணி எந்த நேரம் போச்சு, என்ன நிறம்னு கவனிங்க. பச்சையா இருந்தா அதை முதல் வார்த்தையா சொல்லணும்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றிக்கா. ஐசிடி ரிப்போர்ட் சென்னை வீட்டுல இருக்கு, அவரை எடுத்துட்டு வரச் சொல்லிட்டேன். இன்னொண்ணு, அப்பத்தா பிறந்ததும் சேனை வைக்கணும்னு தேன் வாங்கி வச்சிருக்காங்க. எப்படி வேண்டாம்னு சொல்றது?

வார்டு செவிலி:
தேன், சர்க்கரைத் தண்ணி எதுவும் கூடாதும்மா. முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால், ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும். சிசேரியன் ஆனாலும் கொடுக்கலாம், படுத்தபடியே கொடுக்க நாங்க பிடிச்சு உதவுவோம். பார்க்க வர்ற அன்னைக்கு அப்பத்தாவைக் கூட்டிட்டு வாங்க, நானே பக்குவமா சொல்றேன். பெரியவங்க கேட்டுக்குவாங்க.