தீ மூட்டுவதும் கைலி மூட்டுவதும் ஒரே மூட்டா?

சுள்ளிபொறுக்கி:
போன வாரம் புதுக் கைலி ஒன்றை மூட்டித் தரச் சொல்லித் தெருமுனைத் தையல் கடையில் கொடுத்தேன். கூட வந்த மகள், ஆறாவது படிக்கிறாள், "தீயைத்தானேப்பா மூட்டுவாங்க?" என்றாள். தையல்காரர், "கொளுத்தித் தரட்டுமா பாப்பா?" என்று சிரித்தார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னொன்றும் மண்டையைக் குடைகிறது. எங்கள் ஆச்சி விடியற்காலையில் ஒரே ஒரு தடவைதான் "அடுப்ப மூட்டு" என்பாள். அப்புறம் பொழுதுக்கும் "தள்ளிவிடு, தள்ளிவிடு" தான். நுனி எரிந்து சாம்பலாகி, மிச்சக் கட்டை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதை உள்ளே தள்ள வேண்டும். எரிகிற தீயைப் பார்த்துக்கொள்வதற்கென்றே தனி வினைச்சொல் தமிழில் கிடையாதா?

பழைய வாத்தியார்:
இரண்டும் வேறு வேறு சொற்கள், தம்பி. தீ தானாக மூள்கிறது, நாம் மூட்டுகிறோம். உருள் – உருட்டு, திரள் – திரட்டு, சுருள் – சுருட்டு மாதிரி மூள் – மூட்டு. அதனால்தான் சண்டையும் மூள்கிறது, கோள் சொல்கிறவன் அதை மூட்டிவிடுகிறான். கைலி மூட்டு என்பது இரண்டு ஓரங்களை இணைப்பது. முழங்கால் மூட்டு அந்தப் பக்கத்து உறவு.

வெண்பாப் பிரியை:
நீங்கள் கேட்ட தனி வினை 'ஓம்பு'. தில்லை அந்தணரைச் சம்பந்தர் "கற்றாங்கு எரியோம்பி" என்கிறார். அணையாமல் காத்து வளர்ப்பது. விருந்தோம்பலில் இருப்பதும் இதே ஓம்புதான். வேடிக்கை என்னவென்றால், புறநானூறு 195இல் நரிவெரூஉத்தலையார் "அல்லது செய்தல் ஓம்புமின்" என்கிறார். அங்கே தவிர்த்துவிடுங்கள் என்று பொருள். ஒரே சொல் வளர்க்கவும் சொல்கிறது, விலக்கவும் சொல்கிறது!

முதுகுளத்தூரான்:
எனக்கு அதில் வேடிக்கை தெரியவில்லை அக்கா. எங்கள் அப்பா கரிமூட்டம் போட்டவர். சீமைக்கருவேலங் கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே தழையும் ஈரமண்ணும் பூசி, உள்ளே தீ வைப்பார்கள். அதற்குப் பிறகு உள்ள வேலையெல்லாம் தீயை எரியவிடாமல் பார்த்துக்கொள்வதுதான். மண் வெடித்துக் காற்று புகுந்தால் கரி கிடைக்காது, சாம்பல்தான். ராத்திரி எழுந்து சுற்றிவந்து, வெடிப்பில் புகை பீறிடுகிற இடத்தில் சேற்றை அப்புவார். முதலில் வெள்ளையாகக் கொழுத்து வரும் புகை, மெலிந்து நீலம் பாய்ந்தால் கரி விளைந்துவிட்டது என்று கணக்கு. வளர்க்கிறதும் விலக்குகிறதும் எங்களுக்கு ஒரே வேலைதான்.

வாத்தியாரையா, கரிமூட்டம் தீயை மூட்டுவதால் வந்ததா, மண்ணால் மூடுவதால் வந்ததா?

பழைய வாத்தியார்:
மாட்டிவிட்டீரே! கூடு – கூட்டம், ஓடு – ஓட்டம் போல மூடு – மூட்டம் என்றும் வரலாம். சொல்லின் அமைப்பு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. உங்கள் அப்பா செய்த வேலையைப் பார்த்தால் என் ஓட்டு மூடுவதற்குத்தான்.

சுள்ளிபொறுக்கி:
எல்லோருக்கும் நன்றி. மகளிடம் சுருள் – சுருட்டு வரைக்கும் சொல்லிப் பார்த்தேன். "தாத்தா பத்தவைப்பாரே, அந்தச் சுருட்டா?" என்றாள். அதேதான், அது கப்பலேறி ஆங்கிலத்தில் செரூட் ஆகிவிட்டது என்றேன். கைலி இன்னும் வரவில்லை.