புது டெஸ்க்டாப்: ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, டிஸ்பிளே மட்டும் வரவில்லை

தென்காசிச்சாரல்:

எல்லோருக்கும் வணக்கம். தங்கை ஆர்க்கிடெக்சர் மூன்றாம் வருடம் படிக்கிறாள். அவளுடைய லேப்டாப் ஒரு 3டி ஃபைலைத் திறந்தாலே திணறிவிடுகிறது. அதனால் ஏழெட்டு மாதம் பணம் சேர்த்து, போன வாரம் சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி வந்து, வீடியோ பார்த்து நானே பூட்டினேன். இதுதான் நான் பூட்டும் முதல் கம்ப்யூட்டர்.

வாங்கியது: ரைசன் 5 5600, பி550 மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு, 500 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி).

ஸ்விட்ச் போட்டால் சிபியு ஃபேன், கேபினெட் ஃபேன், கார்டு ஃபேன் எல்லாம் சுற்றுகின்றன. மானிட்டரில் சிக்னல் இல்லை என்று மட்டும் வருகிறது. எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டின் பின்பக்கம் செருகியிருக்கிறேன். போர்டின் ஓரத்தில் 'சிபியு' என்று எழுதியிருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு அணையாமல் எரிகிறது. பிராசசரோடு வந்த கூலரை மாட்டுவதற்காக போர்டில் இருந்த இரண்டு கறுப்பு பிளாஸ்டிக் துண்டுகளைக் கழற்றினேன், அது தப்பா என்றும் பயமாக இருக்கிறது.

இங்கே ஒரு சர்வீஸ் கடையில் படத்தைக் காட்டினேன். போர்டு போயிருக்கும், மாற்றித்தான் ஆக வேண்டும் என்கிறார்கள். இன்னொரு போர்டு வாங்கும் நிலையில் நான் இல்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

இன்னொன்று, கேபினெட்டின் இரும்பில் கை பட்டால் விரலில் சுர்ரென்று இருக்கிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா தெரியவில்லை.

திருப்புளி:

நண்பரே, முதலில் போர்டு மாற்றும் பேச்சை நிறுத்துங்கள். கோவையில் பன்னிரண்டு வருடமாக அசெம்பிளி வேலைதான் செய்கிறேன். ஃபேன் சுற்றி டிஸ்பிளே வராத புது மெஷினில் நான் கடைசியாகச் சந்தேகப்படுவது போர்டைத்தான்.

நீங்கள் சொன்னதிலேயே ஒரு விஷயம் தெரிகிறது. ரைசன் 5 5600-இல் கிராபிக்ஸ் கிடையாது. 5600ஜி என்று 'ஜி' சேர்ந்து வருவதில்தான் உண்டு. அந்த மாதிரி பிராசசர் போடுகிறவர்களுக்காகத்தான் போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ வைத்திருக்கிறார்கள், உங்கள் பிராசசருக்கு அதிலிருந்து எந்தக் காலத்திலும் படம் வராது. கேபிளைப் பிடுங்கி, கீழே படுக்கைவாட்டில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டின் எச்டிஎம்ஐயில் செருகுங்கள். ஆனால் சிபியு விளக்கு எரிகிறது என்பதால் அது மட்டும் போதாது.

போர்டின் மேல் இடது மூலையைப் பாருங்கள், கூலருக்கும் பின்பக்க போர்ட்டுகளுக்கும் மேலே. அங்கே 8 ஓட்டை உள்ள ஒரு பவர் கனெக்டர் இருக்கும். அதில் கேபிள் இருக்கிறதா? போர்டைக் கேபினெட்டில் இறக்கிய பிறகு அந்த மூலையில் கை போகாது, கண்ணுக்கும் படாது, வீடியோவிலும் வேகமாக ஓட்டிவிடுவார்கள். 24 பின் கேபிள் போட்டால் போர்டுக்கும் ஃபேனுக்கும் கரண்ட் வந்துவிடும், அதனால் எல்லாம் ஓடுவது போலவே தெரியும். பிராசசருக்குத் தேவையான 12 வோல்ட் தனியாக அந்த 8 பின் வழியாகத்தான் வர வேண்டும்.

அதற்கான கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 4+4 ஆகப் பிரிந்து வரும், முனையில் சிபியு என்று எழுதியிருக்கும். 6+2 ஆக வருவது கிராபிக்ஸ் கார்டுக்கு உரியது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று போலவே இருக்கும். ஆனால் ஒன்றில் 12 வோல்ட் வரும் வரிசை இன்னொன்றில் கிரவுண்ட். உள்ளே இருக்கும் சதுர, சாய்சதுர ஓட்டைகள் அதற்காகத்தான் வேறு வேறு மாதிரி வைத்திருக்கிறார்கள். இறுக்கமாக இருந்தால் அழுத்தாமல் எழுத்தைப் பாருங்கள், அதில் அழுத்திச் செருகினால்தான் உண்மையிலேயே போர்டு போகும்.

அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் கழற்றியது சரிதான். உங்கள் கூலர் நான்கு திருகில் நேராகப் பின்தகட்டில் பூட்டுவது, அவை இருந்தால் உட்காராது. திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்கினீர்களா என்பது மட்டும் கேள்வி. ஒரு பக்கத்தை முழுசாக முடுக்கிவிட்டு அடுத்த பக்கம் போனால் கூலர் சாய்ந்து நிற்கும்.

இத்தனைக்கும் பிறகு அதே விளக்கு எரிந்தால் பயாஸை, அதாவது மெஷினை எழுப்பும் போர்டின் உள் மென்பொருளை, பார்க்கலாம். பி550 வந்தது 2020-இல், 5600 வந்தது 2022 ஏப்ரலில். கடையில் நாள்பட்டு இருந்த போர்டு என்றால் அதன் பயாஸுக்கு இந்தப் பிராசசரைத் தெரியாமல் இருக்கலாம். பல போர்டுகளில் அதைப் பென்டிரைவிலேயே சரிசெய்யலாம். இப்போது அது வேண்டாம், முதலில் அந்த மூலை.

தென்காசிச்சாரல்:

அண்ணா, அந்த மூலை காலிதான்! 4+4 கேபிளைக் கேபினெட்டின் பின்பக்கம் மற்ற கேபிள்களோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன், உபரி என்று நினைத்துவிட்டேன். டார்ச் அடித்து, மேலே இருந்த ஃபேனைக் கழற்றித்தான் கை போனது. இப்போது செருகிவிட்டேன், எச்டிஎம்ஐயும் கார்டுக்கு மாற்றிவிட்டேன்.

சிபியு விளக்கு எரிந்து அணைந்துவிட்டது. ஆனால் அதற்கு அடுத்த 'டிராம்' விளக்கு எரிந்து அப்படியே நிற்கிறது. டிஸ்பிளே இன்னும் இல்லை. திருகு முடுக்கியது மூலைக்கு மூலைதான்.

வைகைக்கரை:

தம்பி, விளக்கு ஒரு படி தாண்டியிருக்கிறது, அது நல்ல சேதி. போர்டு உயிரோடு இருக்கிறது, பிராசசரும் பேசுகிறது. அந்த நான்கு விளக்கும் வரிசையாகப் போகும், சிபியு, டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட் (எஸ்எஸ்டியிலிருந்து எழுவது). எதில் நிற்கிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும்.

பாலிடெக்னிக் லேபில் அறுபது மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறேன். டிராமில் நின்றால் நான் முதலில் செய்வது ரேமைக் கழற்றித் திரும்பப் போடுவதுதான். அதைச் சரியாகச் செய்யும் விதம் சொல்கிறேன். சுவரில் ஸ்விட்சை அணைத்துவிட்டு எஸ்எம்பிஎஸ் பின்னால் இருக்கும் ஸ்விட்சையும் அணையுங்கள். பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சம் இருக்கும் கரண்ட் இறங்கிவிடும். கிராபிக்ஸ் கார்டு கையை மறித்தால் அதையும் எடுத்துவிடுங்கள், பின்னால் திருகையும் ஸ்லாட்டின் கடைசியில் இருக்கும் பூட்டையும் விடுவித்த பிறகு.

ரேமில் ஒரு வெட்டு இருக்கும், அது நடுவில் இருக்காது, சற்றுத் தள்ளி இருக்கும். ஸ்லாட்டில் இருக்கும் மேட்டோடு அதைப் பொருத்தி, இரண்டு ஓரத்திலும் இரண்டு கட்டை விரலை வைத்து நேராகக் கீழே அழுத்துங்கள். புது ஸ்லாட் முரண்டு பிடிக்கும், போர்டு லேசாக வளையும், பயப்படாதீர்கள். 'டக்' என்று கேட்க வேண்டும். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் அசையும் கிளிப் இருக்கும். அங்கே பலரும் ஏமாறுவது எப்படி என்றால், கிளிப் பக்கம் 'டக்' கேட்டுவிடும், கிளிப் இல்லாத பக்கம் ஒரு மயிரிழை தூக்கிக்கொண்டு நிற்கும். கண்ணை ஸ்லாட் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் பாருங்கள். தங்க நிறப் பற்கள் ஒரு கோடு போல வெளியே தெரிந்தால் இன்னும் உட்காரவில்லை என்று அர்த்தம்.

இரண்டு ரேமையும் எந்த ஸ்லாட்டில் போட்டீர்கள்? போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும், ஏ2, பி2 என்று பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஏ1, ஏ2 இரண்டும் ஒரே சேனல், அதாவது பிராசசருக்கும் ரேமுக்கும் நடுவில் ஒரே பாதை. ஒட்டினாற்போல இரண்டிலும் போட்டால் ஒரு சேனல் மட்டும் வேலை செய்து இன்னொன்று சும்மா இருக்கும். இரண்டாவது, நான்காவது என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. பிராசசரிலிருந்து வரும் தடம் ஏ1-ஐத் தொட்டுக்கொண்டு ஏ2-இல் போய் முடிகிறது. ஏ1-இல் மட்டும் போட்டால் மிச்சத் தடம் வாலாகத் தொங்கும், வேகமான சிக்னல் அதன் முனையில் மோதித் திரும்பி வந்து குழப்பும்.

முதலில் ஒரே ஒரு ரேமை ஏ2-இல் போட்டு ஆன் செய்யுங்கள். உடனே அணைத்துவிடாதீர்கள், முதல் தடவை ரேமைப் பழகிக்கொள்ள நேரம் எடுக்கும், தானாகவே ஒன்றிரண்டு முறை அணைந்து எழும். இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். அதுவும் இல்லையென்றால் போர்டில் பயாஸ் செட்டிங்கைக் காக்கும் வட்ட பேட்டரியை ஐந்து நிமிடம் எடுத்து வைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

பிராசசரைக் கழற்றிப் பார்க்கலாம் என்று மட்டும் இப்போதே கிளம்பிவிடாதீர்கள். உங்கள் பிராசசரில் பின்கள் அதன் அடியிலேயே இருக்கின்றன, மொத்தம் 1331. கூலரை நேராகத் தூக்கினால் பேஸ்ட் பிடித்துக்கொண்டு பிராசசரையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி வந்துவிடும். கட்டாயம் எடுக்க வேண்டி வந்தால் கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி, பிடி விட்ட பிறகு தூக்க வேண்டும்.

தென்காசிச்சாரல்:

அக்கா, டிஸ்பிளே வந்துவிட்டது!!! தங்கை பக்கத்தில்தான் இருந்தாள், இரண்டு பேரும் கத்தியதில் அம்மா ஓடி வந்துவிட்டார்கள்.

நீங்கள் சொன்னதேதான். இரண்டையும் ஏ1, ஏ2-இல் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருந்தேன், அதில் ஒன்று கிளிப் இல்லாத பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. எடுத்து ஏ2, பி2-இல் போட்டேன். மூன்று முறை அணைந்து அணைந்து எழுந்தது, பொறுமையாக இருந்தேன், அப்புறம் பயாஸ் வந்தது. 16 ஜிபி காட்டுகிறது. எஸ்எஸ்டியும் தெரிகிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். கேபினெட்டின் முன்பக்க யுஎஸ்பி, ஹெட்போன் வயர்கள் இரண்டையும் இன்னும் செருகவில்லை, இரண்டின் முனையும் ஒரே மாதிரி இருப்பதால் மாற்றிவிடுவேனோ என்று பயம். அப்புறம் பவர் பட்டன் வேலை செய்கிறது, ஆனால் அதன் விளக்கு எரியவில்லை.

திருப்புளி:

மகிழ்ச்சி நண்பரே. மாற்றிவிடுவோமோ என்று செருகாமல் விட்டது மிக நல்ல காரியம்.

இரண்டிலும் 9 பின், ஐந்து ஐந்தாக இரண்டு வரிசையில் ஒரு இடம் மட்டும் காலி. அந்தக் காலி இடம் எங்கே என்பதுதான் வித்தியாசம். யுஎஸ்பியில் மூலையில் காலியாக இருக்கும், ஆடியோவில் ஓரத்திலிருந்து இரண்டாவதாகக் காலியாக இருக்கும். வயர் முனையிலும் அதே இடத்து ஓட்டையை அடைத்திருப்பார்கள். அடைப்பும் காலி இடமும் நேருக்கு நேர் வந்தால் இலகுவாக இறங்கும். முரண்டினால் அங்கே நிறுத்துங்கள், ரேமுக்குக் கொடுத்த அழுத்தத்தை இங்கே கொடுத்தால் பின் மடங்கிவிடும். ஆடியோ பெரும்பாலும் போர்டின் கீழ் இடது மூலையில் இருக்கும்.

நீலமாகவோ கறுப்பாகவோ தடித்த வயரில் வருவது யுஎஸ்பி 3, 19 பின். அதை நேராகப் பிடித்து இறக்குங்கள், சாய்த்துச் செருகினால் மெல்லிய பின் மடங்கும். பின்னால் எடுக்கும்போதும் ஆட்டி ஆட்டி இழுக்காதீர்கள், சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கே கழன்று கையோடு வந்துவிடும்.

விளக்குக்கு, பவர் எல்இடி என்று எழுதிய வயரைப் பிடுங்கித் திருப்பிப் போடுங்கள். எல்இடிக்கு பிளஸ் மைனஸ் உண்டு, பவர் பட்டனுக்கும் ரீசெட்டுக்கும் இல்லை, அவை வெறும் ஸ்விட்ச். அதனால்தான் பட்டன் மட்டும் வேலை செய்கிறது.

மின்சாரக்கண்ணா:

நண்பர் முதல் பதிவின் கடைசியில் எழுதியதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே, எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது என்றால் எர்த் இல்லை. டெஸ்டரை இரும்பில் வைத்துப் பாருங்கள், லேசாக எரியும்.

எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போகவில்லை. மின்சாரத்தில் வரும் இரைச்சலை வடிகட்ட அதற்குள் ஃபேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என்று இரண்டு சின்ன கெப்பாசிட்டர்களை இரும்புக் கூட்டோடு இணைத்திருப்பார்கள். எர்த் இருந்தால் அது வழியாக வருகிற துளி மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கூடு 230-க்கும் பூஜ்யத்துக்கும் நடுவில், சுமார் 115 வோல்ட்டில் தொங்கிக்கொண்டு நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு போகிறது. ஆனால் நாளைக்கு உள்ளே எங்காவது நிஜமாகவே ஃபேஸ் கூட்டில் பட்டால், பியூஸ் போக வேண்டிய இடத்தில் உங்கள் தங்கையின் கை இருக்கும். டிவி, மானிட்டர் கேபிளை ஓடும்போதே செருகினால் போர்ட் போவதற்கும் இது காரணமாகும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பிளக் இரண்டு பின்னா, மூன்று பின்னா? மூன்று என்றால், சுவர் சாக்கெட்டின் மேல் பெரிய ஓட்டைக்குப் பின்னால் வயர் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து மெயினை அணைத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் ஓட்டை இருக்கும், வயர் இருக்காது. மீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230-ஐ ஒட்டி வர வேண்டும். அதுவரை கம்ப்யூட்டரைப் போடாமல் இருப்பது நல்லது.

தென்காசிச்சாரல்:

நீங்கள் சொன்ன அன்றே பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். நேற்று எலக்ட்ரீஷியன் வந்து அந்த சாக்கெட்டைத் திறந்தார், மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை, திருகு துருப்பிடித்துப்போய் இருந்தது. சமையலறையில் ஃபிரிட்ஜ் சாக்கெட் வரைக்கும் எர்த் வந்திருக்கிறது, அங்கிருந்து ஒரு பச்சை வயர் இழுத்துக் கொடுத்தார். மீட்டரில் 226 காட்டியது. இப்போது கேபினெட்டில் கை வைத்தால் ஒன்றும் இல்லை, டெஸ்டரும் எரியவில்லை.

ஹெட்போன், முன்பக்க யுஎஸ்பி, பவர் விளக்கு எல்லாம் வேலை செய்கின்றன. தங்கை அவளுடைய சாஃப்ட்வேரை ஏற்றிக்கொண்டிருக்கிறாள். ரேம் மட்டும் பெட்டியில் 3200 என்று போட்டிருக்கிறது, பயாஸில் 2666 காட்டுகிறது. கடையில் ஏமாற்றிவிட்டார்களா?

வைகைக்கரை:

இல்லை தம்பி, சரியான ரேம்தான். பயாஸில் எக்ஸ்எம்பி என்று, ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட வைக்கும் செட்டிங் இருக்கும், அதை ஆன் செய்து சேமியுங்கள், 3200 வந்துவிடும். போர்டுக்குப் போர்டு அந்தப் பெயர் கொஞ்சம் மாறும், ரேம் வேகம் இருக்கும் பக்கத்திலேயே தேடுங்கள்.

திருப்புளி:

அந்த இரண்டு கறுப்பு பிளாஸ்டிக்கையும் அதன் நான்கு திருகையும் தூக்கிப் போட்டுவிடாமல் போர்டு வந்த பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். பின்னால் பெரிய கூலர் வாங்கினால் அநேகமாக அவற்றில்தான் மாட்ட வேண்டியிருக்கும், தனியாகக் கடையில் கேட்டால் லேசில் கிடைக்காது.